ஒர்க்‌ஷாப்பில் அடிபட்டால்: மெக்கானிக்குகளும் முதலாளிகளும் கேட்கும் கேள்விகள்

சங்ககிரி, நாமக்கல் பக்கத்து லாரிப் பட்டறைகளில் 20 வருடத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டு, இப்போது ஐ.டி.ஐ. முடித்து வரும் பையன்களுக்கு வேலை சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களும், சின்னதாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் நண்பர்களும், சில சமயம் அடிபட்டவரின் வீட்டுக்காரர்களும் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. நான் நேரில் பார்த்த விபத்துகளில் பெரும்பாலானவை வேலை தெரியாதவருக்கு நடந்தவை அல்ல. நன்றாக வேலை தெரிந்த ஆள், "ரெண்டு நிமிஷ வேலைதானே" என்று நினைத்த நேரத்தில் நடந்தவை. அதனால் பதில்களிலும் அந்த ரெண்டு நிமிஷத்தைத்தான் திரும்பத் திரும்பப் பேசியிருக்கிறேன்.

ஜாக்கி போட்டுத்தான் வண்டிக்கு அடியில் படுக்கிறோம். அது போதாதா?

போதாது. ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு மட்டும்தான். தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்க ஸ்டாண்டு வேண்டும். ஹைட்ராலிக் ஜாக்கியில் அத்தனை எடையையும் பிடித்திருப்பது உள்ளே இருக்கும் எண்ணெயும் ஒரு ரப்பர் சீலும்தான். சீல் தேய்ந்தாலோ, வால்வில் துளி மண் மாட்டினாலோ வண்டி இறங்கிவிடும். காருடன் வரும் திருகு ஜாக்கி இறங்காது, ஆனால் சாயும். இறுகிப்போன போல்ட்டை அடியில் படுத்துக்கொண்டு முழு பலத்தோடு இழுக்கும்போது வண்டி பக்கவாட்டில் ஆடுகிறது. அந்த ஆட்டத்துக்கே ஜாக்கி சரிந்துவிடும்.

ஸ்டாண்டு இல்லையென்று செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் அடுக்குகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அவை நசுங்கிக் காட்டி எச்சரிக்காது, ஒரே நொடியில் உடைந்து நொறுங்கும். வேறு வழியே இல்லையென்றால் கனமான மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள்.

பலர் கவனிக்காத விஷயம் ஹேண்ட் பிரேக். பெரும்பாலான கார்களில் அது பின் சக்கரங்களைத்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் ஹேண்ட் பிரேக் போட்டதற்கு அர்த்தமே இல்லை, முன் சக்கரம் உருளும். அதனால் தரையில் இருக்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். கோடை மத்தியானத்தில் தார் ரோட்டின் மேல் ஜாக்கி வைத்தால் அடியில் பலகை போட வேண்டும், இல்லையென்றால் தார் இளகி ஜாக்கி அமிழும். ஸ்டாண்டு வைத்த பிறகு, உள்ளே போவதற்கு முன்னால் வண்டியை நன்றாக ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். கழற்றிய சக்கரத்தைச் சும்மா ஓரமாகப் போடாமல் சேஸிக்கு (வண்டியின் அடிச்சட்டத்துக்கு) அடியில் படுக்கவையுங்கள். எல்லாம் கைவிட்டாலும் அந்த அரை அடி இடைவெளி உயிரைக் காப்பாற்றும்.

நான் ஹெல்பராக இருந்தபோது ஒரு வேனுக்கு அடியில் என் மேஸ்திரி பட்டை (லீஃப் ஸ்பிரிங்) போல்ட் கழற்றிக்கொண்டிருந்தார். 17 ஸ்பேனர் எடுக்க வெளியே வந்தார். அவர் பெட்டியைத் திறக்கும்போது வேன் கீழே உட்கார்ந்தது. ஸ்பேனரை என்னிடம் கேட்டிருந்தால் அவர் இன்று இல்லை. அன்று சாயந்தரமே நாலு ஸ்டாண்டு வாங்கிவந்தார்.

டிப்பர் லாரியின் தொட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டுக் கீழே வேலை பார்க்கலாமா?

தொட்டிக்கு முட்டுக் கொடுக்காமல் கூடாது. தொட்டிக்கும் சேஸிக்கும் நடுவே தலையை விட்டிருக்கும்போது யாரோ கேபினில் லீவரைத் தட்டிவிடுகிறார்கள், அல்லது எண்ணெய்க் கசிவு பார்க்க வந்தவரே ஹோஸைக் கழற்றிவிடுகிறார். ஹோஸ் கழன்றால் தொட்டியைத் தூக்கிப் பிடிக்க எதுவும் இல்லை. காலித் தொட்டிகூட டன் கணக்கில் எடை. ஜாக்கியிலிருந்து விழும் வண்டியாவது சில நேரம் உயிரை விட்டுவைக்கும், டிப்பர் தொட்டி விட்டுவைப்பதில்லை. வண்டியுடன் வரும் முட்டுக்கம்பி துருப்பிடித்து வளைந்திருந்தால் முதல் வேலை அதைச் சரிசெய்வதுதான். சாவியை எடுத்து உங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். தொட்டியைத் தூக்கும் முன் தலைக்கு மேலே மின்கம்பி போகிறதா என்றும் பாருங்கள்.

லாரி டயருக்குக் காற்று அடிக்கும்போது லாக் ரிங் (டயரை ரிம்மில் பிடித்துவைக்கும் இரும்பு வளையம்) தெறித்து இறந்தார்கள் என்கிறார்கள். வெறும் காற்றுக்கு அவ்வளவு பலமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 அங்குல ரிம்மின் பக்கவாட்டுப் பரப்பு ஏறத்தாழ 314 சதுர அங்குலம். 100 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அழுத்தம்) காற்று அடித்தால் அந்தப் பக்கத்தைத் தள்ளும் விசை 31,000 பவுண்டுக்கு மேல், அதாவது சுமார் 14 டன். அத்தனையையும் பிடித்திருப்பது ஒரு லாக் ரிங். அது துருப்பிடித்திருந்தாலோ, வளைந்திருந்தாலோ, வேறொரு ரிம்மின் ரிங்கை எடுத்துப் போட்டிருந்தாலோ, காடியில் முழுதாக உட்காரவில்லை என்றாலோ தெறித்துவிடும். எதிரில் குனிந்து நிற்பவரின் முகமும் நெஞ்சும்தான் அதன் வழியில் இருக்கும். ரிங் சரியாக உட்காரவில்லை என்று காற்று ஏறும்போதே சுத்தியலால் தட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதைவிட ஆபத்தான பழக்கம் பஞ்சர் கடையில் வேறு இல்லை. உட்காரவில்லையா, காற்றை முழுதும் இறக்கிவிட்டு, கழற்றிச் சுத்தம் செய்து, மறுபடி போடுங்கள்.

லாக் ரிங் இல்லாத டியூப்லெஸ் டயரிலும் ஆபத்து உண்டு. காற்று இல்லாமல் நீண்ட தூரம் ஓடிய ரேடியல் டயரின் பக்கச்சுவரில் உள்ளே இருக்கும் எஃகு இழைகள் மடிந்து மடிந்து அறுந்திருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. திரும்பக் காற்று ஏற்றும்போது ஜிப்பைத் திறந்ததுபோல் சுவர் கிழிந்து வெடிக்கும். காற்று ஏறும்போது படபடவென்று சின்னச் சத்தம் கேட்டாலோ, சுவரில் புடைப்பு தெரிந்தாலோ அங்கிருந்து விலகுங்கள், அருகில் போய்க் குனிந்து பார்க்காதீர்கள்.

இதற்கு இரும்புக் கூண்டுதான் தீர்வு. அமெரிக்காவில் லாக் ரிங் உள்ள லாரி டயர்களைக் கூண்டு போன்ற தடுப்புக்குள் வைத்துத்தான் காற்று அடிக்க வேண்டும் என்று 1980-லேயே விதி வந்துவிட்டது. லாரி பாடி கட்டும் ஊரில் இருந்துகொண்டு நாம் ஒரு கூண்டு வெல்டிங் செய்துகொள்ள முடியாதா? வால்வில் தானாகக் கவ்விக்கொள்ளும் முனையும் நீளமான ஹோஸும் இருந்தால் தள்ளி, பக்கவாட்டில் நின்றே காற்று அடிக்கலாம்.

டயரைக் கழற்றாமல் ரிம்மில் சின்னதாக ஒரு வெல்டிங் வைக்கலாமா? காற்றைத்தான் இறக்கிவிட்டோமே?

காற்றை இறக்கினாலும் கூடாது. ரிம் சூடாகும்போது உள்ளே இருக்கும் ரப்பர் வெந்து, எரியக்கூடிய வாயுவாக மாறுகிறது. அது பற்றிக்கொண்டால் டயர் குண்டுபோல் வெடிக்கும். வால்வின் சின்னத் துளை வழியாக அவ்வளவு வேகத்தில் வாயு வெளியேறாது. துருப்பிடித்த வீல் நட்டைக் கேஸ் வைத்துச் சூடாக்குவதற்கும் இதே பதில்தான்.

டேங்க் காலியாகத்தான் இருக்கிறது, வெல்டிங் வைக்கலாமா?

காலி டேங்க்தான் அதிக ஆபத்து. பெட்ரோலில் எரிவது திரவம் அல்ல, ஆவி. நிறைந்த டேங்கில் ஆவிக்கு இடம் குறைவு. காலியானதில் ஆவியும் காற்றும் வெடிப்பதற்குத் தோதான அளவில் கலந்திருக்கும். டீசல் சாதாரணச் சூட்டில் அவ்வளவு ஆவியாகாதுதான், ஆனால் வெல்டிங் சூடு பட்டதும் உள்ளே ஒட்டியிருக்கும் கசடு ஆவியாகிவிடும். தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன் என்பது போதாது. நீராவி விட்டுச் சுத்தம் செய்யும் வசதி உள்ளவர்களிடம் கொடுங்கள், இல்லையென்றால் டேங்கையே மாற்றுங்கள். பழைய ஆயில் டிரம்மைக் கேஸ் கட்டரால் வெட்டுவதும் இதே ரகம்தான்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து போய்க் குழிக்குள் தேங்கும். டேங்க் இங்கே திறந்திருக்க, பற்றவைத்தது பத்தடி தள்ளி நின்ற வெல்டராக இருக்கும்.

பைக் செயினைத் துடைக்கும்போது விரல் போவது உண்மையா?

உண்மை, டூவீலர் கடைகளில் இதுதான் நான் அதிகம் கேள்விப்படும் காயம். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, கியரில் வைத்து, துணியைச் செயினில் பிடிப்பார்கள். செயின் தானாகச் சுற்ற, துணி தானாகத் துடைக்கும், வேலை சுருக்காக முடியும். துணி பல் சக்கரத்தில் மாட்டினால் கையைப் பின்னால் இழுக்க நேரமே கிடைக்காது. இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றித் துடையுங்கள். மூன்று நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

கார்களில் ரேடியேட்டர் ஃபேனும் அப்படித்தான். மின்சார ஃபேன் சாவியை எடுத்த பிறகும் சூட்டைப் பார்த்துத் தானாக ஓடும். கை வைப்பதற்கு முன் அதன் இணைப்பைக் கழற்றுங்கள். கழுத்தில் துண்டு, தொங்கும் சட்டைக்கை, மோதிரம் எதுவும் வேண்டாம்.

விரல் துண்டாகிவிட்டது. என்ன செய்ய வேண்டும்?

காயத்தின் மேல் சுத்தமான துணியை வைத்து அழுத்திக் கையை மேலே தூக்கிப் பிடியுங்கள். துண்டான விரலைச் சுத்தமான தண்ணீரில் மெதுவாக அலசி, ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வையுங்கள். விரல் நேராக ஐஸில் படக் கூடாது, பட்டால் சதை உறைந்து கெட்டுவிடும். டீக்கடையில் வாங்கிய ஐஸில் நேராகப் புதைத்துக் கொண்டுவந்து, ஒட்ட முடியாமல் போன ஒருவரை எனக்குத் தெரியும். அவருடைய நண்பர்கள் நல்லது என்று நினைத்துத்தான் செய்தார்கள், சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

108-க்குக் கூப்பிடுங்கள். எந்த ஆஸ்பத்திரியிலும் முதலில் "இங்கே விரல் ஒட்டும் சர்ஜரி உண்டா?" என்று கேளுங்கள். சென்னையில் அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் கை அறுவைக்கென்றே தனிப்பிரிவு இருக்கிறது. கோவையில் கங்கா மருத்துவமனை இதற்குப் பேர்போனது. வசதி இல்லாத இடத்தில் இரண்டு மணி நேரம் காத்திருப்பது வீண்.

இன்ஜெக்டர் பைப்பில் கசிவு பார்த்தபோது விரலில் ஊசி குத்தியதுபோல் இருந்தது. ரத்தம்கூட வரவில்லை. விட்டுவிடலாமா?

விடவே கூடாது. இந்தக் கேள்வியைப் படிக்கும் எல்லோரும் இதை இன்னொரு ஆளிடமாவது சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் மெக்கானிக்குகளில் பாதிப் பேருக்கு இது தெரிவதில்லை. காமன் ரெயில் டீசல் இன்ஜினில் எரிபொருள் அழுத்தம் 1,600 பாருக்கு மேல் போகும். லாரி டயரில் இருக்கும் அழுத்தத்தைப் போல் அது 200 மடங்கு. அந்த வேகத்தில் வரும் மெல்லிய பீச்சல் தோலைத் துளைத்து, தசைநாண் உறைகளின் வழியே உள்ளங்கை வரை டீசலைச் செலுத்திவிடும். வெளியே தெரிவது ஒரு புள்ளி மட்டும். முதல் சில மணி நேரம் வலிகூட இருக்காது. பிறகு விரல் வீங்கி, வெளிறி, சதை அழுகத் தொடங்கும். சில மணி நேரத்துக்குள் அறுத்துச் சுத்தம் செய்யாவிட்டால் விரலையோ கையையோ எடுக்க வேண்டிவரும். கிரீஸ் கன், பெயிண்ட் ஸ்ப்ரே கன், ஹைட்ராலிக் ஹோஸ் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

டாக்டரிடம் "விரலில் குத்தியது" என்று மட்டும் சொன்னால் டி.டி. ஊசி போட்டு அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. "ஹை பிரஷர் டீசல் உள்ளே போயிருக்கிறது" என்று சொல்லுங்கள். கசிவைக் கையால் தேடாதீர்கள், ஒரு அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள்.

கண்ணில் கிரைண்டர் பொறி விழுந்தால் கைக்குட்டை நுனியால் எடுக்கலாமா?

கூடாது. தீக்குச்சியும் வேண்டாம். சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். போகவில்லை என்றால் கண் டாக்டரிடம் போங்கள், இரும்புத் துகள் ஒரே நாளில் கருவிழியில் துருவளையம் போட்டுவிடும்.

சுத்தியலால் உளியையோ பின்னையோ அடிக்கும்போது தெறித்த துண்டு என்றால் விஷயமே வேறு. அது கண்ணுக்குள்ளேயே புகுந்திருக்கலாம், வலி அதிகம் இல்லாமலும் இருக்கலாம். அப்போது கழுவாதீர்கள், அழுத்தாதீர்கள். ஒரு பேப்பர் கப்பைக் கண்ணைத் தொடாமல் கவிழ்த்து ஒட்டி, உடனே கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பேட்டரி ஆசிட் பட்டால் தாராளமாகத் தண்ணீர் விட்டு அரை மணி நேரமாவது கழுவிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

வெல்டிங் வெளிச்சம் பார்த்து ராத்திரி கண்ணில் மணல் போட்டதுபோல் உறுத்தினால், அது கருவிழியின் மேல்தோல் வெந்ததால் வருவது. ஒன்றிரண்டு நாளில் ஆறும். மெடிக்கலில் மரத்துப்போகும் சொட்டு மருந்தை வாங்கி விட்டுக்கொண்டே இருந்தால்தான் கண் கெடும்.

ரேடியேட்டர் மூடியைத் திறந்து வெந்துவிட்டது. பேஸ்ட் தடவலாமா?

பேஸ்ட், இங்க், மஞ்சள், நெய் எதுவும் வேண்டாம். ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள், மோதிரம், கயிறு, வாட்சைக் கழற்றுங்கள், சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூடி இருக்கும்வரை அழுத்தத்தில் கூலண்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் கிடக்கும். மூடி கழன்ற நொடியில் மொத்தமும் பொங்கும். மேல் ஹோஸைக் கையால் அழுத்த முடிகிற அளவுக்கு ஆறிய பிறகே திறக்க வேண்டும்.

விபத்தே இல்லாமல் வரும் பாதிப்பு ஏதாவது உண்டா?

உண்டு, அது மெதுவாக வருவதால் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பிரேக் டிரம்மைத் திறந்ததும் கம்ப்ரஸர் காற்றால் ஊதுகிறோம் அல்லவா? இந்தியாவில் ஆஸ்பெஸ்டாஸ் பயன்பாடு இன்னும் முழுதாகத் தடைசெய்யப்படவில்லை, சில லைனிங்குகளில் அது இருக்கலாம். அந்தத் தூசு நுரையீரலில் தங்கினால் 20, 30 வருடம் கழித்துப் புற்றுநோயாக வரலாம். ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

டிங்கரிங், பெயிண்டிங் செய்பவர்கள் கைக்குட்டை கட்டிக்கொண்டு ஹார்டனர் கலந்த பெயிண்ட் அடிக்கிறார்கள். அதிலுள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கும், ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு அந்தத் தொழிலையே விட வேண்டியதுதான். துணி அதைத் தடுக்காது. ஷட்டரை இறக்கிவிட்டு இன்ஜினை ஓடவிடாதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. பெட்ரோலில் கை கழுவும் பழக்கத்தையும் விடுங்கள்.

"உன் கவனக்குறைவு, நான் ஏன் பணம் தர வேண்டும்" என்கிறார் முதலாளி. சரிதானா?

சரியல்ல. வேலை நேரத்தில், வேலையின் காரணமாக அடிபட்டால் இழப்பீடு முதலாளியின் பொறுப்பு. கவனக்குறைவு என்பது மட்டும் அதைத் தள்ளுபடி செய்யாது. குடித்திருந்தது, பாதுகாப்பு உறையை வேண்டுமென்றே கழற்றியது, பாதுகாப்பு விதியைத் தெரிந்தே மீறியது ஆகியவைதான் விலக்கு. மரணமோ நிரந்தர முழு ஊனமோ என்றால் அந்த விலக்கும் செல்லாது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் சொன்ன இந்த அடிப்படையைத்தான், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் வைத்திருக்கிறது.

ஒரு கணக்கு. வயது 30, கணக்கில் கொள்ளும் மாதச் சம்பளம் 15,000 ரூபாய், கட்டைவிரல் முழுதும் போய்விட்டது. சம்பளத்தின் 60 சதவீதம் 9,000. சட்ட அட்டவணையில் 30 வயதுக்கான காரணி (பெருக்க வேண்டிய எண்) 207.98. பெருக்கினால் 18,71,820. கட்டைவிரலுக்கு அட்டவணை சொல்லும் இழப்பு 30 சதவீதம், ஆக 5,61,546 ரூபாய். இருபதாயிரம் கொடுத்து வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்க வந்தால் இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள். தொழிலாளர் துறையில் இழப்பீட்டை விசாரிக்கும் அதிகாரியிடம் இரண்டு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேளுங்கள், அதன் எண் 15100.

10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில், 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர் இ.எஸ்.ஐ.யில் இருக்க வேண்டும். இருந்தால் இழப்பீடு அந்த வழியாக வரும், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் அளவுக்குக் கிடைக்கும். சின்னக் கடைகளில் இருப்பவர்கள் ஓட்டுநர்கள் மற்றும் வாகனப் பழுதுபார்ப்புத் தொழிலாளர்களுக்கான தமிழ்நாடு அரசின் நல வாரியத்தில் பதிவு செய்து வையுங்கள்.

ஆஸ்பத்திரியில் "வீட்டில் வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். விபத்துப் பதிவேட்டில் எழுதப்படும் அந்த முதல் வரியைத்தான் பிறகு எல்லோரும் பார்ப்பார்கள். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் அப்படிச் சொல்லவைத்து, ஒரு பையனின் உரிமை மொத்தமும் போனது. நான் பக்கத்தில் நின்றுகொண்டு பேசாமல் இருந்தேன். இந்தப் பதில்களை எழுத உட்கார்ந்ததற்கு அவனும் ஒரு காரணம்.

சொந்தக்காரப் பையனுக்கு 13 வயது. லீவில் தொழில் பழக அனுப்பலாமா?

கூடாது. 14 வயதுக்குக் கீழ் வேலைக்கு வைப்பது குற்றம், 18 வரை ஆபத்தான வேலைகளில் வைப்பதும் குற்றம். சட்டத்தை விடுங்கள், பட்டறையில் சின்னப் பையன்களை வைத்து விளையாடுவார்கள். ஏர் ஹோஸைப் பின்பக்கம் வைத்துக் காற்று அடித்து, குடல் கிழிந்து உயிர்போன செய்திகள் நம் நாட்டில் பலமுறை வந்திருக்கின்றன. கம்ப்ரஸர் காற்றை யார் மேலும் அடிக்கக் கூடாது, தூசு தட்டக்கூட.

சின்ன ஒர்க்‌ஷாப், கையில் பணம் குறைவு. முதலில் எதை வாங்குவது?

நாலு நல்ல ஸ்டாண்டு. அப்புறம் பக்கவாட்டும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி, ஆளுக்கு ஒன்று. மூன்றாவதாக ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பான், அதை வெல்டிங் செய்யும் இடத்துக்கும் வாசலுக்கும் நடுவில் மாட்டுங்கள், மூலையில் அல்ல. லாரி டயர் வேலை எடுப்பவர் என்றால் கூண்டுக்கான இரும்பு.

வாங்கியதைப் பூட்டி வைத்தால் யாரும் போய் எடுக்கப்போவதில்லை, ஸ்டோர் சாவியைத் தேடும் நேரத்தில் வேலையே முடிந்துவிடும் என்றுதான் நினைப்பார்கள். கிரைண்டர் சுவிட்சுக்கு மேலேயே ஒரு ஆணி அடித்துக் கண்ணாடியை மாட்டிவிடுங்கள். கண்ணாடியை எடுத்தால்தான் சுவிட்ச் தெரிய வேண்டும்.